கேட்டவருக்கும் ஒரு பங்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பது எனக்குப் பிடித்த வேலை. இடித்த வீடுகளின் தேக்குத் தூண், எனாமல் டிபன் கேரியர், மரப்பெட்டி, யார் வீட்டுப் பெரியவரோ மீசையோடு முறைக்கும் போட்டோ என்று ஓர் ஊரின் பழைய செல்வம் முழுக்கத் தெருவோரத்தில் விலைக்கு நிற்கும். சமீபத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு கடையின் உத்தரத்தில் தட்டையான வெண்கலத் தகடு ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். முக்கோண வடிவம். கீழ் முனைகள் இரண்டும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன.

“ஏதோ பள்ளிக்கூடத்து மணி சார். அடிச்சுப் பாருங்க” என்றார் கடைக்காரர்.

மரக்கட்டையால் ஒரு முனையில் தட்டினேன். தகடு கயிற்றிலேயே சுழன்றது. சுழலச் சுழல ஒலி பக்கத்தில் வந்தது, விலகிப் போனது, மறுபடி வந்தது. என் வாய் தன்னால் “தாடு, தாடு, தாடு” என்று முணுமுணுத்தது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இது பள்ளிக்கூடத்து மணி இல்லைங்க. பர்மாவில் புண்ணியம் செய்தால் அடிக்கிற மணி. சேஸீன்னு சொல்லுவாங்க.”

“அப்படியா? தெரியாமப் போச்சே, விலையைக் கூடச் சொல்லியிருக்கலாம்” என்று சிரித்தார்.

எங்கள் அப்பத்தா உயிரோடு இருந்திருந்தால், சத்தத்தைக் கேட்ட கடைக்காரருக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு என்று சொல்லியிருப்பாள். பர்மாவில் பிக்குகளுக்கு அன்னமிட்டாலும், கோவிலுக்குக் கொடுத்தாலும், பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு போட்டாலும், முடிவில் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பூமியைச் சாட்சி வைப்பார்கள். பிறகு இந்த மணியை அடித்து, “அம்யா” என்று மூன்று முறை சொல்லுவார்கள். நான் செய்த நல்லதில் எல்லாரும் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழைப்பு. மணிச்சத்தம் காதில் விழுந்தவர்கள் எங்கிருந்தாலும் “தாடு” என்று மூன்று முறை மகிழ்ந்து சொன்னால் போதும், அவர்களுக்கும் அந்தப் புண்ணியம் சேரும். கொடுத்தவருக்கும் குறையாது.

எங்கள் வீடு காரைக்குடி பர்மா காலனியில் இருந்தது. அப்பத்தாவிடம் மணி கிடையாது. கப்பலில் ஏறும்போது அதையெல்லாம் யார் தூக்கி வருவது? வாசலில் பிச்சைக்கு வந்தவருக்குச் சோறு போட்டதும், அடுப்படியிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்து கரண்டிக் காம்பால் தட்டுவாள். “அம்யா, அம்யா, அம்யா.” கொல்லையில் கோலி விளையாடிக்கொண்டிருக்கும் நாங்கள் அங்கிருந்தே “தாடு” போட வேண்டும். போடாவிட்டால் ராத்திரி மோகிங்கா கிடையாது. வாழைத்தண்டும் மீனும் மணக்கும் அந்தக் குழம்புக்காக, வராத பக்தியையும் வரவழைத்துக்கொண்டு கத்துவோம். பக்கத்து வீட்டிலிருந்தும், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்தும் பதில் வரும். அந்தக் காலனியில் எல்லாருக்கும் அந்த வழக்கம் தெரியும். இன்று அங்கே மாடி வீடுகள் வந்துவிட்டன. தாம்பாளம் தட்டினால் காலிங் பெல் ரிப்பேரா என்று கேட்பார்கள்.

அப்பத்தாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பெகுவில் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு பர்மியக் கிழவி. “அமே” என்றுதான் அப்பத்தா சொல்லுவாள். பர்மிய மொழியில் அம்மா. பெகு என்பது ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள பழைய தலைநகர். அங்கே ஷ்வேதால்யாங் என்று 180 அடி நீளத்தில் படுத்திருக்கும் புத்தர் உண்டு. அவர் பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அமேயும் அப்பத்தாவும் பாதி பர்மியம் பாதி தமிழில் ஊர்க்கதை பேசுவார்களாம்.

அப்பா பிறந்தபோது அப்பத்தாவுக்கு ஒன்றரை நாள் வலி. பிள்ளை இறங்கவில்லை. அமே ஒரு சொம்புத் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு ஏதோ ஓதினாளாம். ஓதி முடித்த தண்ணீரை ஒரு மடக்குக் குடிக்கவைத்து, மிச்சத்தை வயிற்றில் தடவினாளாம். அது அங்குலிமால பரித்தம் என்ற காப்பு ஓதல். பர்மாவிலும் இலங்கையிலும் பிள்ளைப்பேற்றுக்கு ஓதுவது இன்றும் வழக்கம்.

அங்குலிமாலன் கதையை அப்பத்தா சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். வழிப்போக்கர்களைக் கொன்று விரல்களைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டவன். புத்தரையும் கொல்லத் துரத்தியவன், கடைசியில் அவரிடமே பிக்கு ஆனான். ஒரு நாள் சாவத்தியில் பிச்சைக்குப் போகும்போது பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைப் பார்த்து மனம் கரைந்து, திரும்பி வந்து புத்தரிடம் சொன்னான். பிறந்தது முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை, அந்த உண்மையால் நீ நலம் பெறுவாய் என்று போய்ச் சொல் என்றார் புத்தர். அது பொய்யாகிவிடுமே என்றான் அவன். துறவு என்ற இந்தப் பிறப்பை எடுத்தது முதல் என்று சொல் என்றார். சொன்னான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

தாத்தாவுக்கு இந்தக் கதை பிடிக்காது. “அத்தனை உசுரை எடுத்தவன் மந்திரமா எம்புள்ளையைக் கொண்டாந்துச்சு?” என்பார்.

“எடுத்தவன் வேற, ஓதுனவன் வேற” என்பாள் அப்பத்தா.

“உடம்பு ஒண்ணுதானடி?”

“உடம்பு ஒண்ணுதான். அதான் கல்லடியும் வாங்குனான்.”

கதையின் மீதி அது. அங்குலிமாலன் பிக்குவாகி உயர்ந்த நிலை அடைந்த பிறகும், ஊருக்குள் போனால் யாரோ எறிந்த கல்லும் கட்டியும் அவன் மேல் வந்து விழும். மண்டை உடைந்து, பிச்சை ஓடு நொறுங்கி, ஆடை கிழிந்து வந்து நின்றவனிடம் பொறுத்துக்கொள் என்றார் புத்தர். நெடுங்காலம் நரகத்தில் அனுபவிக்க வேண்டியதை இங்கேயே இப்போதே அனுபவிக்கிறாய் என்றும் சொன்னார். மனம் மாறிவிட்டான் என்பதற்காகக் கல் நின்றுவிடவில்லை. கல் பட்டவன் திருப்பி எறிகிறவனாக இல்லை.

தாத்தாவுக்கு இந்தப் பேச்சு தைப்பதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதிலேயே கப்பலேறி, ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு கணக்கெழுதும் வேலைக்கு வந்தவர் அவர். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலமெல்லாம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார் கடைகளுக்குப் போனது. முதலாளிகள் கேட்டது பணம், வந்து சேர்ந்தது நிலம். அந்தப் பத்திரங்களில் பலவற்றை நகல் எடுத்தது தாத்தாவின் கை. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே இந்தியா வந்தவர்களில் தாத்தாவும் ஒருவர். சண்டை ஓய்ந்ததும், கல்யாணம் செய்துகொண்டு அப்பத்தாவோடு மறுபடி பெகுவுக்குப் போனார். சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமை ஆக்கியது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடை கண்ணியெல்லாம் அரசாங்கத்துக்குப் போனது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரு நாள் அறிவிப்பு வந்தது. வீட்டில் கட்டி வைத்திருந்த நோட்டையெல்லாம் அப்பத்தா அடுப்பில் போட்டுத் தண்ணீர் காய்ச்சியதாகச் சொல்லுவாள். பிள்ளைகளையும் இரண்டு ட்ரங்குப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

“அவனுக நிலம் போறப்ப நான் எழுதுனேன். நம்ம காசு போறப்ப எவனோ எழுதுனான். சித்திரகுப்தன் கணக்குல ஒரு சல்லிக்காசு பிசகாது” என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் எது நடந்தாலும் இதுதான் முடிவு. ஆடு செத்தாலும், அப்பாவுக்கு வேலை கிடைக்காமல் போனாலும், மழையில் சுவர் இடிந்தாலும் பெகுவில் எழுதின பத்திரம்தான் காரணம்.

ஆனால் அதே மனிதர், சாயங்காலமானால் திண்ணையில் மைக்கூட்டோடு உட்கார்ந்துவிடுவார். காலனியில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அகதிக் கடன், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சேர்க்கை என்று எதற்கெடுத்தாலும் மனு எழுத வேண்டும். தாத்தா எழுதிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ஒருவர் வற்புறுத்தி வெற்றிலைக்குள் ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்தபோது வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். “கழிச்சுக்கிட்டிருக்கேன்” என்பார். அப்பத்தா உள்ளேயிருந்து தாம்பாளத்தைத் தட்டுவாள். தாத்தா எரிச்சலோடு திரும்பிப் பார்ப்பார். நாங்கள் “தாடு” என்று கத்துவோம்.

தாத்தா போய், அப்பத்தாவும் போன பிறகு, நான் பம்பாயில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த மேசையில் ஒரு மராத்தி நண்பர். அவர் குடும்பம் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தத்தைத் தழுவிய குடும்பங்களில் ஒன்று. ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது தாத்தாவின் கணக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்தார்.

“எங்க தாத்தாவைப் பொதுக்கிணத்துல தண்ணி எடுக்க விடலை. கேட்டதுக்கு, போன பிறவியில் செஞ்ச வினைன்னு சொன்னாங்க. அந்தக் கர்மாவை நாங்க நாக்பூர்லயே விட்டுட்டு வந்துட்டோம்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் முற்பிறவி வினையால்தான் இப்பிறவியின் ஏழ்மையும் இழிவும் என்ற கருத்தைக் கடுமையாக மறுக்கிறார். அப்படி நம்பினால் மனித முயற்சிக்கு இடமே இல்லை, சமூகம் எந்த அநீதிக்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அவருக்கு முன்பே, 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், பிறப்பால் தாழ்வு என்ற கட்டுக்கதையைத் தமிழிலேயே எழுதி எழுதி உடைத்தவர். எங்கள் ஊர்க்காரர் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. பம்பாயில் ஒரு மராத்தியர் வாயிலாகத்தான் அயோத்திதாசரைத் தேடிப் படித்தேன்.

அந்த நண்பர்தான் இகத்புரி விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போகச் சொன்னவரும். “நம்பிக்கையெல்லாம் வேண்டாம், உட்கார்ந்து பார்” என்றார். இந்த முகாம்களின் ஆசிரியர் கோயங்கா பர்மாக்காரர் என்று அவர் சொன்னபோது எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. 1924இல் மாந்தலேயில் பிறந்த இந்திய வம்சாவளி வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலிக்கு மார்பின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், 1955இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கினிடம் போனார். ஊ பா கின் சுதந்திர பர்மாவின் கணக்குத் தலைமை அதிகாரி. தலைவலிக்கு மருந்தாகத் தியானத்தைக் கேட்டால் கிடையாது, மனத்துயர் தீர வேண்டுமென்றால் வா என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். கோயங்கா யோசித்துத் திரும்பி வந்து, கற்று, அவரிடமே பல ஆண்டுகள் இருந்து, 1969இல் இந்தியாவுக்கு வந்து பம்பாயில் முதல் முகாமை நடத்தினார். எங்கள் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்பிய அதே காலத்து பர்மா, இவர் கையில் இதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. தாத்தாவும் கணக்கர், ஊ பா கினும் கணக்கர் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இகத்புரி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. நான் போனது மழைக்காலம். மலை முழுக்க மேகம். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது, போன் கிடையாது, புத்தகம் பேனா கிடையாது. பதினோரு மணிக்குச் சாப்பாடு, சாயங்காலம் தேநீரும் பழமும் பொரியும். முதல் மூன்று நாளும் மூக்கின் அடியில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டும். நாலாம் நாள் விபஸ்ஸனா தொடங்கும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பில் எங்கே என்ன உணர்ச்சி தோன்றினாலும், இனியதானால் விரும்பாமல், இன்னாததானால் வெறுக்காமல், தோன்றி மறைவதைப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து தினம் மூன்று வேளை அதிட்டானம். ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். கால் மணி நேரத்தில் வலது முட்டியில் நமநமவென்று ஆரம்பித்தது. அப்புறம் குத்தல். பிறகு முட்டி இருக்கும் இடமே கொதித்தது. பின்னால் யாரோ இருமினார். அந்த இருமல் மேல் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும், வெகுநாளாக நான் மறந்திருந்த ஒரு பழைய மேலதிகாரி நினைவுக்கு வந்தார். நாலு பேர் முன்னால் அவர் என்னைக் கேலி செய்த காட்சி முழுசாக ஓடியது. நான் அன்று சொல்லாத பதில்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கவனித்தேன், வயிற்றில் ஒரு சூடு, தாடை இறுகியிருக்கிறது, மூச்சு சின்னதாகியிருக்கிறது. அந்தச் சூட்டை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் இருந்தது. பரவியது. தணிந்தது. மேலதிகாரியைத் தேடினால் காணோம். சூடு இருந்த மட்டும்தான் அவரும் இருந்தார்.

கல்லூரியில் தமிழ் வாத்தியார் மணிமேகலையின் பன்னிரு சார்புகளை மனப்பாடம் செய்ய வைத்தார். ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கிய சொற்கள். ஊறு என்றால் தொடுகை, அதிலிருந்து நுகர்வு, நுகர்விலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று. அது நடக்கிற இடம் என் வயிறுதான் என்பது தியான மண்டபத்தில்தான் தெரிந்தது. நுகர்வு வந்தே தீரும். அதிலிருந்து வேட்கைக்கோ வெறுப்புக்கோ போவதும் போகாததும் கவனத்தைப் பொறுத்தது. புத்தர் வினை என்று சொன்னதே மனத்தின் எண்ணத்தைத்தான். எண்ணித்தான் மனிதன் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்கிறான் என்றார். ஆகவே புதிய வினை பிறப்பதும் பிறக்காததும் அந்த இடைவெளியில் இருக்கிறது. பழையதை அழிக்க யாராலும் முடியாது. அது கிளம்பி வரும்போது இன்னொன்றைப் பெற்றுப்போடாமல் பார்த்தால், வந்தது வந்தபடியே ஓய்ந்துபோகிறது.

முட்டி வலி முன் பிறவி வினையா? இதற்கும் புத்தர் பதில் சொல்லியிருக்கிறார். மோளிய சீவகன் என்ற துறவி, மனிதன் படும் இன்ப துன்பம் எல்லாம் பழைய வினையால்தான் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டபோது, அப்படிச் சொல்பவர்கள் கண்ணெதிரே தெரிவதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார் புத்தர். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், உடம்பைக் கவனியாமல் நடத்துவது, வெளியிலிருந்து வரும் தாக்குதல், இத்தனைக்கும் பிறகு எட்டாவதாகத்தான் வினைப்பயனை வைத்தார். நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகிய முட்டிக்கு அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது. செத்த ஆட்டுக்கும், இடிந்த சுவருக்கும், கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்ட என் நண்பரின் தாத்தாவுக்கும் இருக்கிறது. மறுத்தவன் கை வெளியிலிருந்து வந்த தாக்குதல்.

கடைசி நாட்களில் ஒரு காலை, ஓதல் முடிந்ததும் மண்டபம் முழுக்க “சாது, சாது, சாது” என்று குரல் எழுந்தது. பர்மிய நாவில் அதுதான் தாடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாம் நாள் மைத்திரி பயிற்சி. செய்த தவத்தின் பலனை எல்லா உயிர்க்கும் பங்கு கொடுப்பது. எங்கள் கொல்லையில் அதை நாங்கள் மோகிங்காவுக்காகச் செய்துகொண்டிருந்தோம்.

பிறகு தாத்தாவைப் பற்றி நிறைய யோசித்தேன். புத்தர் சொன்ன உப்புக்கல் உவமை ஒன்று உண்டு. ஒரு கட்டி உப்பைச் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் தெரியாது. ஒரே அளவு தீவினைதான். மனம் குறுகியவனை அது நரகத்துக்கு இழுக்கும். ஒழுக்கமும் தியானமும் அறிவும் வளர்த்து மனம் அகன்றவனுக்கு இங்கேயே சிறிதாகக் கழிந்துவிடும். செய்ததற்கு அப்படியே அச்சுப்பிசகாமல் அனுபவித்தே ஆக வேண்டும் என்றால் அறவாழ்க்கைக்கே அர்த்தமில்லை, துன்பம் தீர வழியே இல்லை என்று அதே இடத்தில் சொல்கிறார். சல்லிக்காசு பிசகாத கணக்கை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கர்நாடகத்தில் பைலகுப்பே திபெத்தியர் குடியிருப்புக்கு ஒருமுறை போயிருந்தேன். தீவினையைத் தூய்மைப்படுத்த அவர்கள் மரபில் நான்கு பலங்கள் சொல்லுவார்கள். சரணடைதல், செய்ததற்கு மனப்பூர்வமாக வருந்துதல், மாற்றாக நல்லது செய்தல், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ளல். வருந்துதல் என்றால் தன்னையே வாட்டிக்கொள்வதில்லை. தெரியாமல் விஷத்தைக் குடித்தவன் தெரிந்ததும் பதறுவானே, அந்தத் தெளிவு. தாத்தாவுக்கு வருத்தம் இருந்தது. திண்ணையில் மாற்றுச் செயலும் இருந்தது. பத்திரம் எழுதிய அதே கை, மனு எழுதியது. அதன் பிறகு வட்டிக்கணக்குப் பக்கமே அவர் போகவில்லை. தான் எழுதுவதைக் கடன் தீர்ப்பதாக மட்டும் நினைத்தார். அப்பத்தாவுக்கு அது பங்கு வைக்கத்தக்க செல்வமாகத் தெரிந்தது. இருவரில் புத்தருக்குப் பக்கத்தில் நின்றவள் அப்பத்தா என்று இன்று சொல்லுவேன்.

மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் காதை ஒன்று உண்டு. அமுதசுரபியோடு சிறைக்குள் போய்ப் பசி தீர்த்து, அரசனிடம் கேட்டு அந்த இடத்தையே அறம் வளர்க்கும் இடமாக மாற்றுகிறாள் அவள். காவியத்தில் நடக்கும், நாட்டில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நடந்தது இருக்கிறது. 1975இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் கைதிகளுக்கு விபஸ்ஸனா முகாம் நடந்தது. 1994 ஏப்ரலில் கிரண் பேடி பொறுப்பில் இருந்த திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். முகாமில் உட்கார்ந்ததால் தண்டனை மறைந்துவிடவில்லை. அங்குலிமாலன் மேல் விழுந்த கல்லைப்போல, அது வந்துகொண்டுதான் இருந்தது. அதை வாங்கும் மனம் மாற முடியும் என்பதற்குத்தான் அந்த முகாமில் இடம் இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. சித்தப்பாவும் ஒரு பங்காளியும் சேர்ந்து கடை வைத்தார்கள். பத்திரத்தில் என்ன மாறியதோ, கடை முழுவதும் பங்காளி பேருக்குப் போய்விட்டது. இரண்டு வீடும் ஒரே தெரு. அந்த வீட்டைத் தாண்டும்போது சித்தப்பா எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். “அவன் வினை அவனைக் கேக்கும்” என்பார். கேட்கிறதா என்று காத்துக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். நான் நச்சரித்து, சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது முகாமுக்கு அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து உட்காருவார், அவ்வளவுதான். “எப்படி இருக்காக?” என்று சித்தியிடம் கேட்டேன். “கோவம் வருதுப்பா. வந்த மாதிரியே போயிருது. முன்னயெல்லாம் வந்தா, குடும்பத்தோட தங்கும்” என்றாள்.

பிறகு பங்காளிக்குப் பக்கவாதம் வந்து படுத்தார். சொந்தக்காரர்கள் சித்தப்பாவிடம் வந்து, “பாத்தியா, கேட்டுருச்சு” என்றார்கள். அதைக் கேட்கத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தவர் அவர். ஒன்றும் பேசாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். இந்த முறை எதிர்ச்சாரிக்குப் போகவில்லை. உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கோணிய வாயில் காபியை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். வழிந்ததைத் துண்டால் துடைத்தார். பழைய பேச்சு எதுவும் எழவில்லை. திரும்பும்போது சொன்னார்: “போறப்ப வயித்துல சூடு கெளம்புச்சுடா. அதையே பாத்துக்கிட்டு நடந்தேன். வாசல் வந்துருச்சு.”

கடை திரும்பி வரவில்லை. இன்றும் அவர்கள் பேரில்தான் இருக்கிறது. சித்தப்பாவின் மாத்திரைகளையும் டாக்டர் நிறுத்தவில்லை. முகாம் நடத்துகிறவர்களே இது மருத்துவத்துக்கு மாற்றாகாது என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது பிள்ளைகள் வாயில் கர்மா என்ற சொல் அடிக்கடி வருகிறது. பிடிக்காத நடிகர் படம் ஓடவில்லையா, கர்மா. எதிரணி வீரர் டக் அவுட்டா, கர்மா. வாட்ஸ்அப்பில் பூமராங் படத்தோடு காலை வணக்கம் வருகிறது. அன்று தலையெழுத்து என்று சொல்லித் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். இன்று கர்மா என்று சொல்லி அடுத்தவன் நெற்றியைக் காட்டுகிறார்கள். இரண்டிலும், நான் இப்போது செய்வதற்கு என்ன பொறுப்பு என்ற கேள்வி காணாமல் போகிறது. அடுத்தவன் விழுந்ததில் மகிழ்கிற அந்த நொடியில் புது வினை ஒன்று நம் கணக்கில் பிறந்துவிட்டது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் ஏற்கெனவே முகாம் முடித்தவர்கள் கொடுக்கும் காசில் நடக்கின்றன. பத்து நாள் லீவு கிடைத்தால் போய்ப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் ஒன்று செய்யலாம். அடுத்தவர் விழும்போது ‘கர்மா’ என்று சொல்ல நாக்கு எழுந்தால், அதை அடக்கிக்கொண்டு அவருக்குக் கை கொடுங்கள். அந்த நேரத்தில் நம் பொறுப்பில் இருக்கும் வினை அது ஒன்றுதான்.